ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம்: ஆள் மாறும் நாளின் சேவை எப்படி?

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வந்து, அம்மா அப்பாவையும் அங்கே வரவழைத்து, எல்லாருமாகக் கப்பல் ஏறுவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இப்போது கேள்விப்படாத விஷயம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் முன்கூட்டி வீசா கேட்பதில்லை. கட்டுநாயக்காவில் இருந்து பறப்பும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்தான். அங்கிருந்து கிளம்புகிற கப்பல்களில் மூன்று, நான்கு இரவுப் பயணங்களே அதிகம். இவ்வளவு தூரம் வந்து மூன்று இரவோடு திரும்ப மனமில்லாமல் ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணத்தைப் பதிந்துவிடுகிறார்கள். முதற்பயணம் முடிந்து இரண்டாவது தொடங்குகிற அந்த ஒரு நாளைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இராது. வயதானவர்களுக்கு முழுப் பயணத்திலும் சிரமமான நாள் அதுதான். இந்த மதிப்பீடு அந்த நாளைப் பற்றி மட்டும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். கப்பலுக்குள் கிடைக்கிற சேவைக்கு நல்ல புள்ளி கொடுக்கலாம். அறிவித்தல்களுக்குக் குறைந்த புள்ளிதான்: ஆங்கிலத்தில் ஒரு தாள், அதுவும் பெரும்பாலும் கடைசி நேரத்தில். கடதாசி வேலை முழுக்கப் பயணியின் தலையில். ஒரே கபின் இரண்டு பயணத்துக்கும் கிடைத்து, வீசாவும் ஒழுங்காக இருந்தால் அந்த நாள் சுகமாகக் கழியும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் அம்மா அப்பாவைத் தனியே அனுப்பாமல் கூடவே ஒருவர் நிற்கவேண்டும்.

கப்பல் காலை ஆறு, ஏழு மணிக்குள் துறைமுகத்தில் கட்டும். பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்குத் திரும்ப வெளிக்கிடும். அந்த இடைவெளிக்குள் சில ஆயிரம் பேர் இறங்கவும் சில ஆயிரம் பேர் ஏறவும் வேண்டும். அத்தனை கபினிலும் படுக்கை விரிப்பு மாற்றிக் குளியலறை கழுவவேண்டும். குப்பை இறங்கும், அரிசி, மரக்கறி, இறைச்சி என்று அடுத்த பயணத்துக்கான சாமான் ஏறும், எரிபொருளும் அன்றைக்கே. ஒப்பந்தம் முடிந்த பணியாளர்கள் போய்ப் புதியவர்கள் வருவதும் அன்றைக்குத்தான். நேற்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்ட கபின் பணியாளர் இன்றைக்கு இல்லாமல் போகலாம். அவருக்குத் தனியாகக் காசு ஏதும் கொடுக்க நினைத்தால் முதற்பயணத்தின் கடைசி இரவே கொடுத்துவிடுங்கள். இவ்வளவு வேலை நடக்கிற நாளில் ஒருவரும் நின்று நிதானமாக விளக்கம் சொல்ல மாட்டார்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம், அவர்களுக்கு நேரம் இல்லை.

பலருக்கு விளங்காத அடிப்படை ஒன்று உண்டு. உங்களுக்கு அது ஒரே கப்பல், ஒரே விடுமுறை. நிறுவனத்தின் கணினிக்கு அவை இரண்டு தனித்தனிப் பதிவுகள், இரண்டு பதிவு இலக்கங்கள். முதற்பதிவில் சொன்ன எதுவும் தானாக இரண்டாவதுக்குப் போகாது. சக்கர நாற்காலி, இந்திய மரக்கறிச் சாப்பாடு, பிள்ளைகளோடு ஒரே மேசை, ஒவ்வாமை விபரம், சுவாச இயந்திரத்துக்கான வடித்த நீர் எல்லாவற்றையும் இரண்டு பதிவிலும் எழுதவேண்டும். இணையப் பதிவையும் இரண்டு தரம் செய்து, படம் ஏற்றி, கடவுச்சீட்டு விபரம் கொடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமையில் மச்சம் தின்னாதவர்கள், விரதம் பிடிப்பவர்கள் முதற்பயணத்தில் தலைமைப் பரிசாரகரோடு கதைத்து ஒழுங்குபண்ணிய சாப்பாடு இரண்டாம் பயணத்தின் முதல் இரவில் வராமல் போவது இதனால்தான். அன்று மத்தியானமே சாப்பாட்டு மண்டப வாசலில் இருப்பவரிடம் திரும்பச் சொல்லிவிட்டால் இரவுக்குச் சரியாகிவிடும்.

அடுத்தது வீசா. இந்த நாளில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய சேதம் இங்கேதான் இருக்கிறது. கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பி, நீங்கள் குடிவரவைத் தாண்டினால் அது ஒரு புதிய வருகை. அன்றைக்கே திரும்பக் கப்பல் ஏறினால் அது ஒரு புதிய வெளியேற்றம். ஆகவே விமானத்தில் வந்து இறங்கும்போது ஒன்று, ஆள் மாறும் நாளில் ஒன்று, கடைசியில் இறங்கும்போது ஒன்று என மூன்று வருகைக்கும் எஸ்ஜி அரைவல் கார்ட் என்கிற இணைய வருகைப் படிவத்தை நிரப்பவேண்டும். வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்பலாம். நான்கு இரவுப் பயணமென்றால் அந்த மூன்று நாளும் நீங்கள் கடலில் இருப்பீர்கள். கப்பல் வைஃபை வாங்காதவர்கள் கரையில் இருக்கிற பிள்ளையிடம் கடவுச்சீட்டு விபரத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். சிங்கப்பூர் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் வேறு யாரோ நடத்துவது. தங்கும் அனுமதி கடவுச்சீட்டில் முத்திரையாக விழாமல் மின்னஞ்சலுக்கு வருவதால், அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லாவிட்டால் உடன் வருகிற பிள்ளையின் முகவரியைக் கொடுங்கள்.

சிங்கப்பூர் வீசா கேட்காது என்பதால் மற்றத் துறைமுகங்களும் கேட்காது என்று எண்ணக்கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசியா வீசா கேட்கும். பினாங்கோ போர்ட் கிளாங்கோ பயணத்தில் இருந்தால், கரையில் இறங்குகிற எண்ணமே இல்லாவிட்டாலும் கப்பல் ஏறும்போதே அதைக் காட்டச் சொல்வார்கள். இரண்டு பயணத்திலும் மலேசியத் துறைமுகம் இருந்து, கையில் இருப்பது ஒருமுறை நுழைவு வீசா என்றால், முதற்பயணத்திலேயே அது முடிந்துவிடும். ஆள் மாறும் நாளில் இரண்டாம் பயணத்துக்கு ஏற்றாமல் பெட்டியோடு கரையில் விடுவார்கள், காசும் திரும்பாது. கடவுச்சீட்டு இரண்டாம் பயணம் முடிகிற நாளில் இருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், முதற்பயண நாளில் இருந்தல்ல. புதுப்பிக்க வேண்டியவர்கள் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. புதிய இலக்கம் கிடைத்தால் அதை இரண்டு கப்பற் பதிவிலும் விமானச் சீட்டிலும் திருத்தவேண்டும். ஒன்றில் பழைய இலக்கம் கிடந்தாலும் கரும பீடத்தில் மினக்கெட நேரும்.

இனி அந்த நாளுக்கு முந்தின இரவு. கபினுக்குள் ஒரு தாள் வரும்: எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்தில் கூடவேண்டும் என்று அதில் இருக்கும். வராவிட்டால் இரவு ஒன்பது மணிக்குமுன் விருந்தினர் சேவைப் பீடத்தில் கேளுங்கள். அதற்குப்பிறகு கணக்குப் பார்க்கிற வரிசை நீண்டுவிடும். தாளில் இருப்பது கப்பல் நேரம். தாய்லாந்தின் புக்கெற் சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பிந்தியது, இலங்கை இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டிருக்கிற பெரியவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்கவேண்டும். அன்றிரவு தாழ்வாரம் முழுக்கப் பெட்டிகள் நிற்கும், ஏனென்றால் இறங்குகிறவர்கள் எல்லாரும் பெட்டியில் அடையாளப் பட்டி கட்டி வெளியே வைப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் வைத்துவிடக்கூடாது. வைத்தால் விடியமுன் அது முனையக் கட்டடத்துக்குப் போய்விடும், நூற்றுக்கணக்கான பெட்டிக்குள் தேடித்தான் எடுக்கவேண்டும். கபினுக்கு யாராவது இறங்குகிறவர்களுக்கான பட்டி கொண்டுவந்து வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள்.

ஒரே கபின் என்றால் பெட்டி கட்டவே தேவையில்லை. உடுப்பு அலுமாரியில் கிடக்கலாம். கபின் மாறுகிறதென்றால் தொங்குகிற உடுப்பைத் தொங்கினபடி விட்டு, மற்றதைப் பெட்டியில் போட்டு, புதிய கபின் இலக்கம் எழுதிய பட்டியை மாட்டி உள்ளேயே வைக்கவேண்டும். பணியாளர்கள் தள்ளுவண்டியில் கொண்டுபோய் அங்கே தொங்கவிடுவார்கள். இந்தச் சேவை உண்மையில் நன்றாகச் செய்யப்படுகிறது. ஆனால் நகை, காசு, கடவுச்சீட்டு, மருந்து, பல்செட், மூக்குக்கண்ணாடி ஆகியவை எப்போதும் கைப்பையில். பாதுகாப்புப் பெட்டகத்தை வெறுமையாக்கிக் கதவைத் திறந்து விடுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்த இன்சுலினை மறப்பவர்கள் உண்டு, அதைக் கடைசியாக ஒருதரம் பார்க்கவேண்டும். புதிய கபின் மத்தியானம் ஒரு மணியளவில்தான் கிடைக்கும். அதுவரை காலாறப் படுக்க இடமில்லை என்பதை முழங்கால் நோவு உள்ளவர்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

காலையில் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவது நல்லது. ஒன்பதுக்குக் கிட்ட மண்டபத்தை மூடத் தொடங்குவார்கள். தொடர்ந்து பயணிப்பவர்களை ஒன்பது, பத்து மணியளவில் ஒரு மண்டபத்தில் சேர்த்து, பேர் பார்த்து, புதிய கபின் அட்டை கொடுப்பார்கள். சிலவேளை கடவுச்சீட்டையும் அங்கேதான் திருப்பித் தருவார்கள். பிறகு கூட்டாக இறக்கிக் குடிவரவால் கொண்டுபோய்த் திரும்ப ஏற்றுவார்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் ஒரு கட்டாயம் உண்டு: பழைய பயணி ஒருவரும் கப்பலில் இல்லை என்று கணக்குச் சரிவந்தால்தான் ஒருவரையாவது ஏற்றலாம். ஒரு மாடு திரும்பாவிட்டாலும் பட்டியை அடைக்க ஏலாததுபோல, யாரோ ஒருவர் கபினில் நித்திரையாகக் கிடந்தாலும் எல்லாரும் முனையத்தில் காத்திருக்கவேண்டியதுதான். பத்து நிமிடமும் ஆகலாம், ஒன்றரை மணித்தியாலமும் ஆகலாம். கையில் தண்ணீர்ப் போத்தல், ஒரு பிஸ்கற் பைக்கற், பத்து மணி மருந்து இருந்தால் போதும். முதற்பயணத்தில் வயிற்றோட்டம் பரவியிருந்தால் கப்பலை மருந்தடித்துக் கழுவும்வரை ஏற்றம் இன்னும் சில மணித்தியாலம் பிந்தும்.

விரல் ரேகை எடுக்கிற இடங்களில் வயல் வேலை செய்து தேய்ந்த கைகளை இயந்திரம் சட்டென்று வாசிக்காது. இதில் பயப்பட ஒன்றும் இல்லை; அலுவலர் இருக்கிற பீடத்துக்குப் போனால் நேரே பார்த்து விடுவார்கள். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, தமிழில் கதைக்கிற அலுவலர் கிடைக்கவும் கூடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: மெல்லுகிற புகையிலை சிங்கப்பூருக்குள் தடை. வெற்றிலைப் பையில் புகையிலைத் துண்டு போட்டுக்கொண்டு வருகிற எங்கள் பெரியவர்கள் முதல் வருகையில் தப்பினாலும், ஆள் மாறும் நாளில் திரும்பவும் அதே சோதனைக்குள்ளால் போகவேண்டும். ஊரிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கருவாடும் வேண்டாம். சமைத்ததையும் பழுதாகக்கூடியதையும் கப்பல் ஏற்றாது, அமெரிக்க முனையங்களில் ஒரு அப்பிள் பழத்தைக்கூட வெளியே கொண்டுவர விடமாட்டார்கள்.

ஊர் சுற்ற விரும்புகிறவர்கள் குடிவரவு முடிந்ததும் வெளியே போய்ப் பின்னேரம் வரலாம். கப்பல் எந்த முனையத்தில் கட்டும் என்று முதலே பாருங்கள், சிங்கப்பூரில் இரண்டு உண்டு. ஹார்பர்ஃப்ரண்டில் கட்டினால் வசதி. அங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதை மாறாமல் லிட்டில் இந்தியாவுக்குப் போகும். மரினா பே முனையமென்றால் மரினா சவுத் பியர் நிலையத்தில் ஏறி, டோபி காட்டில் மாறி, ஒரு நிலையம் போகவேண்டும். செராங்கூன் வீதி வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, வாழையிலையில் ஒரு சோறு சாப்பிட்டுத் திரும்ப அரை நாள் தாராளம். மத்தியானத்தில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் வையுங்கள். இலங்கைத் தமிழர் தொடங்கிய செண்பக விநாயகர் கோயில் சிலோன் வீதியில் இருக்கிறது; அது கொஞ்சம் தூரம், முழங்கால் தாங்குகிறவர்களுக்கு மட்டும். திரும்பும்போது தொடர்பயணி என்று காட்டும் அட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் புதியவர்களின் நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை. கப்பல் வெளிக்கிட ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் முன்னரே ஏற்றத்தை மூடிவிடுவார்கள்.

வெளியே போகாதவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. புதியவர்கள் ஏறமுன் அந்த ஒரு மணித்தியாலம் கப்பல் வெறிச்சென்று கிடக்கும். நீச்சல் தடாகம், மேல்தளம், மின்தூக்கி எல்லாம் உங்களுக்குத்தான். கடையும் சூதாட்ட மண்டபமும் துறைமுகத்தில் பூட்டியிருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிறகு மேல்தளச் சாப்பாட்டு மண்டபம் புதியவர்களால் நிரம்பி வழியும். தொடர்பயணிகளுக்குக் கீழே பிரதான மண்டபத்தில் தனியாக மத்தியானச் சாப்பாடு வைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அதைக் கேட்டுப் போங்கள். பின்னேரம் அவசரகாலப் பயிற்சி திரும்பவும் உண்டு. 2012இல் கொஸ்டா கொன்கோர்டியா என்கிற பயணக் கப்பல் கவிழ்ந்த பிறகு, 2015 ஜனவரியில் இருந்து கப்பல் வெளிக்கிட முன்னோ வெளிக்கிட்ட உடனேயோ அதை நடத்தவேண்டும் என்பது சர்வதேச விதி. கபின் மாறியிருந்தால் கூடுகிற இடமும் மாறியிருக்கும். புதிய அட்டையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

காசு விஷயத்தில் முதற்பயணக் கணக்கு அந்த விடியற்காலையோடு பூட்டப்படும். நிறுவனம் அன்பளிப்பாகத் தந்த செலவுத்தொகையில் மிச்சம் இருந்தால் பெரும்பாலும் அழிந்துபோகும், அடுத்ததுக்கு வராது. கடைசி இரவே ஏதாவது வாங்கி முடித்துவிடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற மகனின் கிறெடிற் கார்ட்டை முதற்பயணத்துக்குக் கொடுத்திருந்தால் இரண்டாவதுக்கும் அவர் தனியாக ஒப்புதல் கொடுக்கவேண்டும். காசாகக் கட்டினவர்கள் மிச்சத்தை வாங்கித் திரும்பக் கட்டவேண்டும். வைஃபையும் குளிர்பானப் பொதியும் பயணத்துக்கு ஒன்று. காலையில் ஒன்று முடிந்து, அடுத்தது ஏறிய பிறகுதான் தொடங்கும். இடையில் வாங்குகிற ஒரு கோப்பிக்கும் தனிக் காசு. கைத்தொலைபேசியை விமான நிலையில் வைத்திருங்கள், கப்பலின் செல்லிடக் கட்டணம் வைஃபையைவிட மோசம்.

கிளினிக் மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு மாதக் கணக்கில்தான் தருவார்கள். வெளிக்கிடுகிற நாள் மாத முடிவில் விழுந்தால் இரண்டாம் பயணத்தின் நடுவில் மருந்து தீரும். கிளினிக் நாளை முன்னே எடுத்து, ஒரு கிழமைக்கு மேலதிகமாக வைத்திருங்கள். கடதாசி உறையில் பேனையால் எழுதித் தருகிற குளிசை சோதனையில் கேள்விக்கு உள்ளாகும். மருந்தின் பேரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை டொக்டரிடம் வாங்குங்கள். பயணக் காப்புறுதி முதல் விமானத்தில் இருந்து கடைசி விமானம்வரை ஒரே பத்திரமாக இருக்கவேண்டும். கப்பல் டொக்டரைப் பார்த்த கட்டணமும் அதே விடியற்காலைக் கணக்கில்தான் ஏறும், பற்றுச்சீட்டை அப்போதே கேட்டு எடுக்கவேண்டும்.

சாப்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் எங்கள் புள்ளி குறைவு. இரண்டாம் பயணம் முதல் நாள் பட்டியலில் இருந்துதான் திரும்பத் தொடங்கும். அதே சூப், அதே நிகழ்ச்சி. நான்கு இரவும் மூன்று இரவும் சேர்த்தால் மூன்று இரவு அப்படியே மீளும். துறைமுகங்களாவது வேறாக இருக்கிற சோடியைத் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரை விட்டு வேறு இடம் யோசித்தால் அங்கே கணக்கு மாறும். கனடா வீசாவில் வந்திருக்கிற பெற்றோருக்கு மியாமியில் ஏற அமெரிக்க வீசா தனியாக வேண்டும். வன்கூவரில் இருந்து அலாஸ்கா போய்வருகிற கப்பலில் ஆள் மாறும் நாளில் கனடாவுக்குள் திரும்ப வருகை, பிறகு வன்கூவரின் கனடா பிளேஸ் முனையத்திலேயே அமெரிக்கக் குடிவரவின் முன்சோதனை. கனடாவுக்குள் திரும்ப வர என்ன வேண்டும் என்பதை முதலே கேட்டுப் பாருங்கள், அமெரிக்க வீசா பலமுறை நுழைவாக இருக்கவேண்டும். சவுத்ஹாம்ப்டனில் ஏறி ஸ்பெயின், நோர்வே போகிறவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவும் அப்படியே. இன்னொரு சிக்கலும் உண்டு: 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று வெளிநாட்டுக் கப்பல், தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போகாமல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறினவரை இன்னொன்றில் இறக்கக்கூடாது என்கிறது. லொஸ் ஏஞ்சல்சில் இருந்து வன்கூவர், அதே கப்பலில் வன்கூவரில் இருந்து அலாஸ்காவின் செவார்ட் என்று இரண்டு பயணத்தைச் சேர்த்தால், தனித்தனியே சரியானவை சேர்ந்ததும் பிழையாகிவிடும். கனடா இந்தச் சட்டத்துக்குத் தூரத்து நாடு இல்லை.

பதிகிறபோது கபின் இலக்கம் பிறகு தருவோம் என்கிற மலிவு விலையை எடுக்கவேண்டாம். அதில் இரண்டு பயணத்துக்கும் ஒரே கபின் வரும் என்று நம்பமுடியாது. இரண்டு பதிவையும் ஒரே முகவரிடம், ஒரே நாளில், இலக்கம் சொல்லி எடுத்து, ஒன்றோடு ஒன்று இணைக்கச் சொல்லுங்கள். கூடுகிற நேரம், மண்டபம், புதிய கபின் இலக்கம், அவசரகால எழுத்து நான்கையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி அம்மாவின் கைப்பையிலும் அப்பாவின் சட்டைப் பையிலும் ஒவ்வொன்று வைத்துவிடுங்கள்.